ஸ்டிக்கரில் 2.8, மத்தியானத்தில் 0.8

போன கிழமை எங்கள் லப்டொப் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, ஒரு புது லப்டொப்பைக் காட்டி ஒரு அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. “இது 2.8 கிகாஹேர்ட்ஸ் அன்ரி. அந்தப் பழைய ஐ5 வெறும் 2.3 தான். இதுதான் ஸ்பீட்.” கையில் இருந்த திருகாணி முடுக்கியை வைத்துவிட்டு எழுந்து போனேன். யாழ்ப்பாணத்தில் இதே கஸ்தூரியார் வீதியில் இதே வசனத்தைச் சொல்லி விற்றவன் நான். வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

திரையைப் பார், பற்றரியைப் பார் என்பதெல்லாம் எவரும் சொல்வார்கள். மலிவு லப்டொப்பிலும் போனிலும் மூளையாக இருக்கும் சின்னப் புரொசசரைப் பற்றி நாங்கள் விடும் பிழைகளை மட்டும் கதைப்போம்.

உச்ச வேகத்தை ஓடும் வேகம் என்று நினைப்பது

தம்பி காட்டியது செலரோன் என்4020, இன்டெலின் மலிவுப் புரொசசர். இரண்டு கோர், அதாவது கணக்குப் போடும் அலகு இரண்டு. சூட்டுக் கணக்கு 6 வாட். அதன் அடிப்படை வேகம் 1.1 கிகாஹேர்ட்ஸ்தான். 2.8 என்பது சூடு இடம்கொடுக்கும் வரை தொட்டுவிட்டு வருகிற உச்சம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது உச்சம். அடிப்படையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பழைய ஐ5 (இன்டெல் ஐ5-6200யு) காட்டும் 2.3 அதன் அடிப்படை, அதுவும் 15 வாட்டில், விசிறியோடு. ஒன்றின் உச்சத்தை மற்றதன் அடியோடு ஒப்பிட்டு விற்றால் யாருக்குக் கோபம் வராது?

வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். சூடோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் மேலே போகப் போக, கொஞ்ச வேகத்துக்கே கனக்கச் சூடு. விசிறி இல்லாத மெல்லிய உடம்பில் அந்தச் சூடு எங்கே போகும்? புரொசசர் தானாகவே இறங்கிவிடும்.

2021 சித்திரையில் சுன்னாகப் பக்கம் ஒரு ரியூசன் சென்ரருக்கு ஆறு லப்டொப் கொடுத்தேன், எல்லாம் விசிறி இல்லாதவை. கடை ஏ.சியில் ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், பறந்தது. அங்கே போனால் சீற் கூரை, ஜன்னல் சாத்திய சின்ன அறைகள். பத்து மணி சூம் வகுப்பு நன்றாகப் போனது. பன்னிரண்டரை வகுப்பில் இருபதாவது நிமிடம் பிள்ளைகள் “சேர் குரல் வெட்டுது” என்று எழுதத் தொடங்கினார்கள். நெற்தான் பிழை என்று எல்லாரும் சொன்னோம். ரவுட்டரை மாற்றினேன், என் காசில். அப்புறம் இன்னொரு இணைப்பும் எடுத்தார்கள். மாலையில் நான் போய்ப் பார்க்கும் போதெல்லாம் ஒரு குறையும் இல்லை!

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த அறையிலேயே போய் இருந்தேன். சூம், கமரா, திரைப் பகிர்வு, எழுதுகிற பலகை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. புரொசசர் படும் பாட்டைக் காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்தால் பயன்பாடு 100 வீதம், வேகம் 0.8 கிகாஹேர்ட்ஸ். விசைப்பலகைக்கு மேல்பக்கம் கையை வைக்க முடியவில்லை, தோசைக்கல். ஆறையும் திருப்பி எடுத்து, பாவித்த ஐ5 ஆறு கொடுத்தேன். அந்த மாதம் கடை வாடகை கடனில்தான் போனது.

இப்போது விற்க முதல் பின்னறையில், ஏ.சி இல்லாமல், மத்தியானத்தில் அரை மணித்தியாலம் சூமையும் பத்துப் பதினைந்து குரோம் டாப்பையும் ஓடவிட்டு அந்த வேக எண்ணைப் பார்ப்பேன். முதல் ஐந்து நிமிடத்து எண்ணைக் குறிப்பதே இல்லை.

யூடியூப் ஓடுகிறதே என்பது

ஓடும். வீடியோவை விரிக்கச் சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. கோர்களுக்கு அதில் வேலை குறைவு. விற்பவர்கள் யூடியூப்பை மட்டும் போட்டுக் காட்டுவது அதனால்தான்.

எட்டுக் கோர் என்று மயங்குவது

மலிவு போன்கள் பலவற்றில் எட்டும் கோர்டெக்ஸ்-ஏ53 ஆகவே வந்தன. கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்கிற சின்னக் கோர் அது. முன்னால் நிற்பது தரவுக்குக் காத்திருந்தால் பின்னால் இருப்பதும் நிற்கும். ஒரு இணையப் பக்கத்தின் ஸ்கிரிப்ட் வேலை பெரும்பாலும் ஒரே கோரின் தலையில்தான் விழும். தோட்டத்தில் எட்டுப் பேர் நிற்க, ஒருவர் மட்டும் கொத்துவது போல. ஏ76 மாதிரி இரண்டு பெரிய கோர் உள்ள போன் கையில் வித்தியாசம் காட்டும்.

ராம் (தற்காலிக நினைவகம்) பிறகு போடலாம் என்பது

இந்த வகையில் பலதில் முடியாது. உள்ளே இருக்கும் தாய்ப்பலகையோடு ஒட்டி வருகிறது.

செலரோன் என்றாலே குப்பை என்பது

இது அடுத்த கரை. அதே மலிவு வரிசையில் 2023இல் வந்த இன்டெல் என்100உம் 6 வாட்தான், ஆனால் நான்கு கோர், உச்சம் 3.4. கடைக் கணக்கு, தட்டச்சு, வங்கி வேலை எல்லாவற்றுக்கும் தாராளம். 2022 பங்குனிக் கடைசியில் கரண்ட் 13 மணித்தியாலம் நின்ற நாட்களில், என் மேசையில் கடைசி வரை உயிரோடு இருந்தது சுன்னாகத்தில் இருந்து திருப்பி எடுத்த அந்த ஆறு லப்டொப்பில் ஒன்று. இன்றைக்கும் அதில்தான் பில் அடிக்கிறோம். நேர் மேலே விசிறி சுற்றுகிறது.