கிலோவைச் சேக்கலாகவும் லிப்ராவாகவும் மாற்றுவது எப்படி?

சேக்கல் பைபிளில் வரும் எபிரெயர் எடை, லிப்ரா பழைய ரோமர் எடை. வேலூர் பக்கம் ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறவர்களும் பள்ளியில் வரலாறு எடுக்கிறவர்களும் இந்தக் கணக்கை அடிக்கடி போடுகிறார்கள். பாதிப் பேர் போனில் ஒரே வகுத்தல் போட்டு, 25 கிலோ என்றால் 2192.98 சேக்கல் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். அந்தக் காலத்துத் தராசில் தசமப் புள்ளி கிடையாது. பெரிய எடைக்கல் முழுசாக எத்தனை போகிறது, மிச்சத்துக்கு அடுத்த சின்னக் கல் எத்தனை என்று இறங்கிக்கொண்டே வருவார்கள், நம் பெரியவர்கள் ரெண்டு வீசை பத்து பலம் என்று சொன்ன மாதிரி.

பைபிளில் யாத்திராகமம் 38-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 6,03,550 பேர் ஆளுக்கு அரைச் சேக்கல் கொடுத்தால் மொத்தம் 3,01,775 சேக்கல். அங்கே அதை 100 தாலந்து (சேக்கலுக்கு மேலான பெரிய எடை) 1,775 சேக்கல் என்று எழுதியிருக்கிறது. அதிலிருந்தே ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்பதும் தெரிந்துவிடுகிறது.

சரி, மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். சேக்கல் 11.4 கிராம். யூதேயாவில் தோண்டி எடுத்த கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுக் கல் எடைகளை நிறுத்துப் பார்த்து வந்த கணக்கு இது. அதில் இருபதில் ஒரு பங்கு கேரா, 0.57 கிராம். பாதி பெக்கா, 5.7 கிராம். ஐம்பது சேக்கல் ஒரு மினா, 570 கிராம். தாலந்து 34.2 கிலோ. ரோமப் பக்கம் லிப்ரா 327 கிராம், அதில் பன்னிரண்டில் ஒன்று உன்சியா, 27.3 கிராம், அதிலும் இருபத்துநாலில் ஒன்று ஸ்கிரிபுலம், 1.14 கிராம்.

இப்போது ஆரணி அரிசி ஒரு சிப்பம், 25 கிலோ, எடுத்துக்கொள்வோம். தாலந்து 34.2 கிலோ என்பதால் அது போகாது. மினாவில் 43 போகும், அது 24.51 கிலோ. மிச்சம் 490 கிராம், அதை 11.4-ஆல் வகுத்தால் 43. ஆக, 43 மினா 43 சேக்கல். இதையே ரோமக் கணக்கில் போட்டால் 76 லிப்ரா, மிச்சம் சுமார் 150 கிராம், அதில் 5 உன்சியா, அதற்கு மேல் கொசுறு. லிப்ராவை 327 என்று எடுக்காமல் 327.45 என்று எடுத்தால் அந்த 5 உன்சியா என்பது 4 உன்சியா ஆகிவிடும், அதனால் மூட்டைக் கணக்கில் உன்சியாவைப் பற்றி ரொம்ப அடித்துப் பேச வேண்டாம், 76 லிப்ராவும் கொஞ்சமும் என்று சொன்னால் போதும்.

நகைக்கு இன்னும் சுலபம். ஒரு சவரன் 8 கிராம், அதாவது 14 கேரா, ரோமக் கணக்கில் 7 ஸ்கிரிபுலம். இரண்டுமே கிட்டத்தட்ட முழு எண்ணாக விழுவதால் லாங்கு பஜார் நகைக்கடை பில்லைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போடலாம். ஐந்து சவரன் சங்கிலி மூன்றரைச் சேக்கல். இதைத் திருப்பிப் போட்டால் ரெபெக்காளுக்குக் கொடுத்த பத்துச் சேக்கல் கடகங்கள் பதினாலே கால் சவரன். ஆசரிப்புக் கூடாரத்துக் குத்துவிளக்கு ஒரு தாலந்துப் பொன், 4,275 சவரன்! பிள்ளைகளிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், அதற்கப்புறம் குத்துவிளக்கைப் பற்றிய அதிகாரத்தை அவர்களே கவனமாகப் படிப்பார்கள்.

கையில் தூக்கிக் காட்ட நம் சில்லறையே போதும். 2011-இல் ரூபாய்க் குறியோடு வந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம். அதில் மூன்றைச் சேர்த்தால் 11.37, ஒரு சேக்கல் தயார். ஒன்று மட்டும் என்றால் இயேசு காலத்து ரோம வெள்ளிக்காசான தெனாரியு, அது லிப்ராவில் 84-இல் ஒரு பங்கு, 3.9 கிராம். (கி.பி. 64-இல் நீரோ அதை 96-இல் ஒரு பங்காகக் குறைத்துவிட்டான்.) 2019-க்கு அப்புறம் வந்த ஒரு ரூபாய் எடை குறைவு, அதைக் கலந்துவிடாதீர்கள்.

இனி கவனிக்க வேண்டியது காலமும் ஊரும். பாபிலோன் பக்கத்துச் சேக்கல் 8.4 கிராம் அளவில்தான் இருந்தது. ஆலய வரிக்குக் கொடுத்த தீரு நாட்டுச் சேக்கல் நாணயம் 14 கிராம். எசேக்கியேல் 45:12 மினாவுக்கு அறுபது சேக்கல் கணக்குச் சொல்கிறது. அதனால் எந்த மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று விடைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

யோவான் சுவிசேஷத்தில் வரும் இராத்தலும் ஆளைக் குழப்பும். அது ரோம லிப்ரா, 327 கிராம். வெள்ளைக்காரன் காலத்து 453 கிராம் ராத்தல் என்று நினைத்துவிட்டால், இயேசுவின் அடக்கத்துக்கு நிக்கொதேமு கொண்டுவந்த நூறு இராத்தல் 32.7 கிலோவுக்குப் பதில் 45 கிலோ ஆகிவிடும். லூக்கா 19-இல் வரும் ராத்தலோ பணத்தொகை, மத்தேயு 25-இல் வரும் தாலந்தும் அப்படித்தான். அந்த இரண்டையும் கிலோவுக்கு மாற்றவே வேண்டாம், எத்தனை நாள் கூலி என்று போடுங்கள், ஒரு தெனாரியு ஒரு நாள் கூலி.