தாமான் பின் கேட்டுல காடி (கார்) வந்து மாட்டுதா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல நீங்களே சரி பண்ற வழி

எங்க தாமான்ல, அதாவது வீடமைப்புப் பகுதியில, பின்பக்க ரோட்ட பூம் கேட் போட்டு மூடி ரொம்ப நாளாச்சு, ஆனா சாப்பாடு கொண்டு வர்ற ரைடர்ல இருந்து தீபாவளிக்கு வர்ற சொந்தக்காரங்க வரைக்கும் முக்காவாசிப் பேரு அங்கதான் வந்து நின்னுகிட்டு போன் அடிப்பாங்க. கேஎல்ல (கோலாலம்பூர்ல) இப்ப பாதி தாமானுக்கு இதே கதைதான். மேப்புல ரோடு இருக்கு, கேட் இல்ல, அதனால மெயின் ரோட்டுலருந்து எது குறுக்கு வழியோ அதுலயே ஆள அனுப்புது. எங்க கேட்ட நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல போட்டு சரி பண்ணிட்டேன், அதுக்கப்புறம் நாலஞ்சு பேரு எப்படின்னு கேட்டதால எழுதுறேன்.

ஒன்னு மொதல்லயே சொல்லிடறேன். வேஸ் வேற, கூகுள் மேப் வேற, இது வேற. ஓஎஸ்எம்ல (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குச் சுருக்கம்) நீங்க போடுறது அந்த ரெண்டுலயும் போய் சேராது, அதுக்கு அங்கங்கதான் தனியா ரிப்போர்ட் பண்ணணும். ஓஎஸ்எம் 2004ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது, விக்கிபீடியா மாதிரி யார் வேணா திருத்தலாம், ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் மாதிரி மேப் ஆப் எல்லாம் இதுலருந்துதான் ரோடு எடுக்குது, டாக்சி ஆப் கிராப்பும் தன்னோட மேப்புக்கு இந்தத் தரவ பயன்படுத்துது. சம்பளம் இல்லாத வேல, ஆனா உங்க தாமானுக்கு நீங்க பண்ணாம யாரு பண்ணுவா.

ஆரம்பிக்கறதுக்கு முன்ன

அக்கவுண்ட் திறந்து எடிட் அமுக்குறதெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க. கம்ப்யூட்டர்ல பிரவுசர்லயே திறக்குற ஐடி எடிட்டர் போதும். சில பேரு எடுத்த எடுப்புலயே ஜோசம்ங்கற பெரிய எடிட்டர இறக்கச் சொல்லுவாங்க, என் கருத்து வேணாம், பஸ் ரூட் மாதிரி பெரிய வேல வர்றப்ப பாத்துக்கலாம். ஆண்ட்ராய்டு வச்சிருந்தா ஸ்ட்ரீட்கம்ப்ளீட் போட்டுக்குங்க, நடந்து போறப்ப "இந்த ரோடு ஒருவழியா, தாரா கல்லா"ன்னு அதுவே கேக்கும், நீங்க பதில் தட்டுனா போதும். ஐபோன்காரங்களுக்கு எவ்ரி டோர் இருக்கு.

அப்புறம் கூகுள் மேப்பையோ வேஸையோ பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு ரோட்டுப் பேரு பாத்து எழுதாதீங்க. அது அவங்க தரவு, காப்பி ரைட் பிரச்சன, கண்டுபிடிச்சா நீங்க போட்டத எல்லாம் சேத்து தூக்கிடுவாங்க. கண்ணால பாத்த சைன்போர்டு, நீங்க எடுத்த போட்டோ, எடிட்டர் உள்ளயே வர்ற சேட்டிலைட் படம், மேப்பில்லரி இல்லன்னா கார்ட்டாவியூல இருக்குற ரோட்டுப் படம், இது போதும்.

கேட்ட எங்க வைக்கிறது

என்னைய ரொம்ப நேரம் உக்கார வச்ச இடம் இதுதான், அதனால மெதுவா சொல்றேன். மேப்புல ரோடுங்கறது நமக்கு ஒரு கோடு, ரவுட்டருக்கு, அதாவது ஆப்புக்குள்ள வழி கணக்குப் போடுற நிரலுக்கு, அது புள்ளிகளோட சங்கிலி. கேட்ட அந்தச் சங்கிலியிலயே ஒரு புள்ளியா கோக்கணும். கோட்டுக்குப் பக்கத்துல வச்சா படத்துல கேட் அழகா தெரியும், ஆனா ரவுட்டர் கண்ணுக்கு அது ரோட்டோரத்துல நிக்கிற மரம் மாதிரி, கண்டுக்காம போயிடும். ஐடியில பாயிண்ட் கருவிய எடுத்துட்டு நேரா கோட்டு மேலயே கிளிக் பண்ணுங்க, கோட்டுல ஒட்டிக்கும். நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க, சந்தேகமா இருந்தா புள்ளிய லேசா இழுத்துப் பாருங்க, ரோட்டுக் கோடும் கூட வளைஞ்சு வந்தா ஒட்டியிருக்குன்னு அர்த்தம், பாத்துட்டு அண்டூ பண்ண மறக்காதீங்க.

இன்னொன்னு, தாமான் ரோடும் மெயின் ரோடும் சேர்ற முச்சந்திப் புள்ளியில கேட்ட வைக்கவே கூடாது. அந்தப் புள்ளி ரெண்டு ரோட்டுக்கும் பொது, அங்க கேட் வச்சா மெயின் ரோட்டையும் சேத்து மூடுன கணக்கு. உண்மையிலயும் கேட் கொஞ்சம் உள்ளதானே இருக்கும், அது எங்க நிக்குதோ அங்கயே வைங்க.

புள்ளி வச்சதும் இடது பக்கம் வகை கேக்கும். தூக்கி இறக்குற கம்பின்னா லிஃப்ட் கேட், ரெண்டு பக்கம் திறக்குற இரும்புக் கதவுன்னா கேட், சிமெண்டு கட்டையோ டிரம்மோ போட்டு நிரந்தரமா அடைச்சிருந்தா பிளாக். பலபேரு இதோட சேவ் பண்ணிட்டுப் போயிடறாங்க. பத்தாது! பல ரவுட்டருக்கு வெறும் கேட்டுன்னா திறந்த கேட்டுன்னு அர்த்தம். கீழ அனுமதின்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல யாரு போலாம் யாரு போகக்கூடாதுன்னு நிரப்பணும்.

நான் போட்ட முறை இது. யாருக்கும் திறக்காத பின் கேட்டுக்கு மோட்டார் வாகனம் "நோ". கார்டு வச்சிருக்கிற வீட்டுக்காரங்களுக்கு மட்டும் திறந்தா "பிரைவேட்". பக்கத்துல நடந்து போற சின்ன வழி இருந்தா நடப்பவர் "யெஸ்", காலையில வாக்கிங் போறவங்களுக்கு ஆகும். முன்னாடி காவலாளி இருக்கற கார்ட் ஹவுஸ்ல ஐசி (அடையாள அட்டை) காட்டி விருந்தாளி உள்ள வர முடியும்னா அங்க "டெஸ்டினேஷன்", அதாவது உள்ள வேல இருக்கறவன் வரலாம், குறுக்க பூந்து போறவன் வரக்கூடாது. ரெண்டு கேட்டுக்கும் ஒரே மாதிரி "பிரைவேட்"னு போட்டீங்கன்னா ரவுட்டருக்கு ரெண்டும் ஒன்னுதான், மறுபடியும் எது கிட்டயோ அதுக்கே அனுப்பும், நீங்க பட்ட பாடு வீண்.

எங்க குடியிருப்பாளர் சங்கத்து அங்கிள் ஒருத்தரு, "இதுக்கு எதுக்கு தம்பி இவ்ளோ, அந்த ரோட்டையே மேப்புலருந்து எடுத்துடு"ன்னாரு. எடுக்கக் கூடாது அங்கிள். ரோடு தரையில இருக்குல்ல, இருக்கறத இருக்கற மாதிரி காட்டணும், நமக்கு எப்படி வேணுமோ அப்படி இல்ல. ஓஎஸ்எம்ல சண்ட வந்தா கடைசியில "அங்க போய் நின்னா என்ன தெரியுது"ங்கறத வச்சுதான் முடிவு பண்ணுவாங்க.

எங்க ஒட்டணும், எங்க ஒட்டக் கூடாது

கேட்ட முடிச்சதும் கை சும்மா இருக்காது, அக்கம்பக்கத்து ரோட்டையும் தொடத் தோணும். அப்ப கேஎல் எம்ஆர்ஆர்2 ஹைவே மாதிரி மேல ஒரு ரோடு கீழ ஒரு ரோடு போற இடத்துல, ரெண்டு ரோடு குறுக்க வெட்டுதுன்னு ஐடி மஞ்சளா எச்சரிக்கும், கூடவே "இணை"ன்னும் "பாலம் சேர்"ன்னும் வழி காட்டும். எச்சரிக்கை போனா போதும்னு இணைய அமுக்கிடாதீங்க, அப்புறம் ஃபிளைஓவர் மேல போறவன "இடது பக்கம் திரும்பு"ங்கும். நெசமாவே முச்சந்தியா இருந்தா இணை, மேல கீழன்னா பாலம்.

நடுவுல டிவைடர் கட்டியிருந்தா மட்டும் ரோட்ட ரெண்டு ஒருவழிக் கோடா வரையணும், வெறும் பெயிண்டு கோடுன்னா ஒரே கோடுதான். இது அழகுக்காக இல்ல. பினாங்கு பாலத்த எடுத்துக்குங்க, டோல் தீவுக்குப் போற பக்கம் மட்டும்தான், திரும்பி வர்றப்ப கிடையாது, ரெண்டு கோடா இருந்தாதான் பூத்த ஒரு பக்கத்துல மட்டும் வைக்க முடியும். மோட்டார் சைக்கிளுக்கு அங்க 2019லருந்து டோல் இல்ல, அதுக்கும் தனி டேக் (மேப்புல ஒட்டுற குறிப்பு) இருக்கு.

ரோட்டு வகைய மட்டும் புதுசா வந்தவங்க தொடாதீங்க. ஜாம் ஆகுதுங்கறதுக்காக தாமான் ரோட்ட பெரிய ரோடா மாத்துறது, சின்ன ரோட்டுல மேப் காடிய விடக்கூடாதுன்னு வகைய இறக்குறது எல்லாம் ஏமாத்து வேல. மலேசியாவுக்குன்னு ஓஎஸ்எம் விக்கியில தனிப் பக்கம் இருக்கு, அதப் படிச்சுட்டு வாங்க. தெரஸ் வீட்டுக்குப் பின்னால போற சந்து மட்டும் சர்வீஸ் ரோடு, அதுல ஆலி. அத வீட்டு ரோடா போட்டா உங்க பின்வாசலுக்கு பார்சல் வரும்.

பேரு சைன்போர்டுல இருக்கற மாதிரியே, ஆனா சுருக்கம் வேணாம், ஜேஎல்என்னு போடாம முழுசா ஜாலான், லோரோங். 2014ல ஜாலான் டூத்தா, ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் ஆச்சு, இன்னும் நம்ம வாயில டூத்தாதான் வருது. புதுப் பேர மெயின் பெட்டியில போட்டுட்டு பழச பழைய பேரு டேக்ல வைங்க, தேடுனா ரெண்டுலயும் கிடைக்கும். கோயிலுக்குத் தமிழ்ப் பேர தமிழ் மொழிக்கான பெட்டியில எழுதுங்க.

சேவ் பண்றப்ப என்ன பண்ணீங்கன்னு ஒரு வரி எழுதச் சொல்லும். "அப்டேட்"ன்னு மட்டும் எழுதாதீங்க, "பின் கேட் நிரந்தரமா மூடியிருக்கு, நேர்ல பாத்தேன்"ன்னு மலாய்லயோ இங்கிலீஷ்லயோ எழுதுனா அடுத்து வர்றவன் மாத்த யோசிப்பான். சேவ் பண்ண ஒடனே போன்ல மாறலையேன்னு பதறாதீங்க, வெப்சைட் மேப்புல சீக்கிரம் தெரியும், ஆனா போன் ஆப்புக்கெல்லாம் அவங்க புது மேப் கொடுத்து நீங்க டவுன்லோட் பண்ணாதான் வரும், வாரக்கணக்காகலாம்.

பின்சேர்க்கை: செராஸ்லருந்து ஒருத்தரு, அவங்க பின் கேட் காலையில ஸ்கூல் நேரத்துக்கு மட்டும் திறக்கும், என்ன பண்றதுன்னு கேட்டாரு. நேரத்தோட சேத்து எழுதுற கண்டிஷனல் டேக் இருக்கு, ஆனா அதப் படிக்கிற ரவுட்டர் கம்மி. அதனால அடிப்படைய "பிரைவேட்"ல வச்சுட்டு திறக்குற நேரத்த கண்டிஷனல்ல போடுங்க, புரியாத ரவுட்டர் கூட கேட்டுல கொண்டாந்து விடாது.

பினாங்கு அக்கா ஒருத்தங்க, தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் ரோடு மூடுவாங்களே, ஜாலான் கெபுன் பூங்காவ மேப்புல மூடிடட்டுமான்னு கேட்டாங்க. வேணாங்கா. அன்னைக்கு மூடுறது நாலு நாள்ல திறந்துடும், ஆனா நீங்க போட்டது சில பேரு போன்ல சித்திரை வரைக்கும் மூடியே கிடக்கும். அதுக்கு வேஸ்தான் சரி, அங்க தற்காலிகமா மூடி திறக்க வழி இருக்கு. மாசக்கணக்குல எல்ஆர்டி ரயில் வேலைக்கு அடைச்சிருந்தா அது வேற, அத ஓஎஸ்எம்ல போடலாம், திறந்த அன்னைக்கு ஞாபகமா எடுத்துடுங்க.