சின்னப் பிள்ளையோடு ஒரு நாள் ரயில்: கட்டுச்சோறு கட்டும் முறை

கோடையில் கட்டுச்சோறு ஊசிப்போனால் பழி வெயில் மேல்தான் விழும். பாதிப் பழி சூட்டோடு மூடிய டப்பாவைச் சேரும். மீதி, எதை எப்போது சாப்பிடுவது என்று பாராமல் கட்டிய கைக்கு. சென்னையிலிருந்து மும்பை போவதுபோல மாலையில் ஏறி மறுநாள் மாலை இறங்கும் பயணம் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவர், இரண்டு மூன்று வயதில் ஒரு பிள்ளை. மூன்று வேளை கட்ட வேண்டும்: இரவுக்கு இட்லியும் தயிர்சாதமும், காலைக்குச் சப்பாத்தி, மதியத்துக்குப் புளியோதரை. சீக்கிரம் கெடுவது முதலில், தாங்குவது கடைசியில். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

புளியோதரையில் தொடங்கலாம், ஏனென்றால் புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்துவிட முடியும். 300 கிராம் பழைய அரிசிக்கு 60 கிராம் புளி, நல்லெண்ணெய் 100 மில்லி. புளியை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு கப் கரைசல் எடுக்கவும். எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, பத்து வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கரைசலை ஊற்றி, மிதமான தீயில் 20, 25 நிமிடம் விடவும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: தண்ணீர் வற்றுமுன் இறக்கிவிடுகிறார்கள், அந்த ஈரமே மறுநாள் சாதத்தைக் கெடுக்கிறது. இறக்கும்போது அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒன்றரை மேசைக்கரண்டி தனியா, இரண்டு தேக்கரண்டி எள் வறுத்துப் பொடித்ததைத் தூவி, நெல்லிக்காய் அளவு வெல்லமும் போடலாம்.

சாதம் உதிரியாக வேக வேண்டும். வெந்ததும் குக்கரிலேயே விடாமல் அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டுப் புளிக்காய்ச்சலைக் கலக்கவும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடக்கும் சாதத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வேகமாக ஆற்றுவதும், புளிப்பைத் தாராளமாகப் போடுவதும் அதனால்தான். உறைக்கும் என்று புளியையும் எண்ணெயையும் குறைத்தால் தாங்கும் நேரமும் குறையும். காரத்தை வேண்டுமானால் குறையுங்கள். தேங்காய், வெங்காயம் கிட்டவே வரக் கூடாது. வேர்க்கடலையை வறுத்துத் தனிப் பொட்டலமாக வைத்தால் மதியம் வரை மொறுமொறுப்பு போகாது.

கட்டுவதற்கு வாழையிலைதான் முதல் தேர்வு. அனலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. எவர்சில்வர் டப்பா என்றால் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்தது வேண்டும். சாதமோ இட்லியோ, கை வைத்தால் சூடே தெரியாத நிலையில் மூடவும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகி உள்ளே சொட்டும்; இட்லி நூல் விடுவது அதனால்தான்.

இட்லியை ஆறவைத்து இரண்டு பக்கமும் எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி அடுக்கவும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், இரவுவரைகூடத் தாங்காது. பிள்ளையின் பங்குக்கு நெய்யும் பருப்புப்பொடியும் தடவித் தனி டப்பாவில் வைத்தால் ரயிலில் அழுகை மிச்சம்.

தயிர்சாதத்துக்கு அரைக் கப் அரிசியைக் குழைய வேகவைத்து மசித்து, காய்ச்சி ஆறிய பால் ஒரு கப், தயிர் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு. மூன்று மணிக்குக் கலந்தால் எட்டு மணிக்குப் பதமாக இருக்கும். சாதம் சூடாக இருக்கும்போது தயிர் விட்டால் திரிந்து நீர் பிரியும். தயிர் கூடினால் ஏறி உட்காருமுன்பே புளித்துவிடும். மிஞ்சினால் காலைக்கு எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

சப்பாத்தி மாவைப் பால் விட்டுப் பிசைந்தால் மிருதுவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் கோடையில் அது சீக்கிரம் ஊசும். வெந்நீரும் இரண்டு கரண்டி எண்ணெயும் போதும். தொட்டுக்கொள்ள எண்ணெய் மிதக்கச் சுண்டிய தக்காளித் தொக்கு.

மறுநாள் மதியப் புளியோதரையைப் பிள்ளைக்குக் கொடுப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. வாழைப்பழம், சத்துமாவு, பொடித்த வறுத்த அவல் போதும். பிளாஸ்க் வெந்நீரில் கலந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு வேளை ஆகிவிடும். பிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு புதிதாகக் கொதித்த நீரை நிரப்பினால் சூடு நெடுநேரம் நிற்கும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை என்றால் பால்மாவை வேளைக்கு ஒரு சிறு டப்பாவாக அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்கி, குடிக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும். கலக்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் கீழே ஊற்றுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்று உறையைப் படித்துவிட்டுக் கரைக்கவும். கண்ணளவில் கரைத்தால் உப்பு கூடிவிடும்.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக: ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை, கேட்டால் முழுக் கட்டணம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கை இல்லாமல் அரைக் கட்டணம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, ஆகவே சித்திரை ஒன்றுக்குப் போக பிப்ரவரி நடுவிலேயே தயாராக இருக்க வேண்டும். கீழ்ப் படுக்கை கிடைத்தால் பிள்ளையை உட்புறம் படுக்கவைக்கவும். இரவுச் சாப்பாட்டுப் பையை இருக்கைக்கு அடியில் தள்ளாமல் கையெட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

வருஷப் பிறப்பு வெளியூரில் வந்தால் மாங்காய்ப் பச்சடிக்கு ஒரு சிறு பொட்டலம் போதும்: காய்ந்த வேப்பம்பூ இரண்டு தேக்கரண்டி, பொடித்த வெல்லம் அரைக் கப், கடுகு, ஒரு வற்றல். மாங்காயைப் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஒரு மாங்காயைத் துண்டாக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு முதலில் நன்றாக வேகவிட வேண்டும். வெல்லம் விழுந்தபின் மாங்காய் வேகாது. பிறகு வெல்லம், தாளிப்பு. வேப்பம்பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்துத் தனியே வைத்துப் பரிமாறும்போது தூவவும். பச்சடியோடு கொதித்தால் கசப்பு முழுவதும் இறங்கிவிடும், பிள்ளை வாயில் வைக்காது.