உப்புக் காற்றில் ஜேசிபி: பின்னும் ராடும்

வாலிநோக்கம் உப்பளத்திலோ மண்டபம் கரையிலோ வேலை முடிந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்பு அப்படியே தங்கிவிடும்.

மூட்டுகளை இணைக்கும் இரும்பு முளைகளான பின்களுக்கு கிரீஸ் அடிப்பது கழுவிய பிறகுதான். அப்போதுதான் பின்னைச் சுற்றியிருக்கும் உறையான புஷ்ஷுக்குள் போன தண்ணீர் வெளியே தள்ளப்படும். பழைய கறுப்பு கிரீஸ் போய்ப் புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். சேற்றில் ஓடினால் வழக்கமான 10 மணி நேர இடைவெளிக்குக் காத்திருக்காமல் பக்கெட் பின்னுக்கு மதியமும் ஒருமுறை.

நிறுத்தும்போது சிலிண்டர் ராடுகளை, அதாவது சிலிண்டரிலிருந்து நீண்டு உள்ளே போகும் பளபளப்பான தண்டுகளை, முடிந்தவரை உள்ளே இழுத்து, பக்கெட்டைத் தரையில் வையுங்கள். வெளியே நிற்கும் ராடில் உப்பு படிந்தால் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாய் அரிக்கும். அந்தச் சொரசொரப்பு ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலைக் கிழித்துவிடும், பிறகு ஆயில் கசிவுதான். நாலு நாள் சும்மா நிற்கும் வண்டியென்றால் ராடில் மெல்லிசாக கிரீஸ் பூசுங்கள். ஓட்டுமுன் துணியால் துடைக்க மறந்தால் ஒட்டிய மணலே சீலை அறுக்கும்.