பெயரில் தொடங்கும் ஒதுக்கல்: டர்பன் வகுப்பறைகளில் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி நடுவில் பள்ளி திறந்ததும் முதலில் கைக்கு வருவது வருகைப் பதிவேடு. முதல் தவறும் அங்கேயே நடந்துவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று இனவெறி ஆட்சிக் காலத்தில் கட்டிய பள்ளிகள் பல. இன்று அங்கே ஜூலு மொழி பேசும் ஆப்பிரிக்க வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். பல வருடம் முன்பு என் வகுப்பில் ஒரு சிறுமி. பெயரில் க்யூ எழுத்து. இரண்டு தடவை திணறினேன், வகுப்பு சிரித்தது. "உன்னை நோபின்னு கூப்பிடட்டுமா?" என்றேன். தலையாட்டினாள். ஆண்டு முழுக்க நோபிதான். டிசம்பரில் அழைத்துப்போக வந்த பாட்டி வாசலில் நின்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை திரும்பிய வேகத்தைப் பார்த்த பிறகுதான், என் குரலுக்கு அவள் ஒருநாளும் அப்படித் திரும்பியதில்லை என்று எனக்கு உறைத்தது.

மற்றவர் செய்தாலும் நாம் இதைச் செய்யக் கூடாது. 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததிலிருந்து, நம் பெயர்களைப் பதிந்தவர்கள் காதில் விழுந்தபடியே எழுதினார்கள். முனுசாமி மூன்சாமி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். அந்தப் பெயர்களைத்தான் இன்றும் சுமக்கிறோம்.

இத்தனைக்கும் ஜூலுப் பெயர்களில் வரும் நாக்குச் சொடுக்கு ஒலிகள் தமிழ் நாக்குக்குப் புதிதில்லை. ஜூலுவில் சி எழுத்து என்பது நாம் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டும் ஒலி. எக்ஸ் என்பது வண்டிக் குதிரையை முடுக்கக் கன்னத்தோரம் எழுப்பும் ஒலி. க்யூவுக்கு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பட்டென்று கீழே விட வேண்டும். வீட்டில் கொஞ்ச நேரம் பழகினால் வரும். வராவிட்டால் பிள்ளையிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பின் முன்னால் வைத்து வேண்டாம்.

அடுத்தது, "விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்ற பேச்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டர்பனில் ஒரு தமிழ் மாணவி வீட்டு வழக்கப்படி மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்தபோதும் பள்ளியின் பதில் இதுவாகத்தான் இருந்தது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பு மாணவியின் பக்கம் நின்றது. மதம் கட்டாயப்படுத்துகிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது. தானாக விரும்பிப் பின்பற்றும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, நியாயமான அளவுக்குப் பள்ளி இடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பைப் பெருமையாகப் பேசும் நாமே, ஜூலுப் பிள்ளையின் மணிக்கட்டில் இசிபாண்ட்லாவைக் கண்டால் "கழற்று, நாறுகிறது" என்கிறோம். முன்னோருக்குப் பலியிட்ட ஆட்டின் தோல்பட்டை அது. தானாக உதிரும்வரை கையில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். காவடிக்குக் காப்புக் கட்டிய நம் பையனிடம் யாராவது கத்தரியோடு வந்தால் சும்மா இருப்போமா? நீளக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள், அல்லது மேலே ஒரு துணி சுற்றிவிடுங்கள். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

"நான் பேசும்போது என் முகத்தைப் பார்!" என்று அதட்டுவதும் அப்படித்தான். பெரியவர் முன்னால் பார்வையைத் தாழ்த்துவது ஜூலு வீடுகளில் மரியாதை; ஹ்லோனிப்பா என்பார்கள். எதையும் இரு கையாலும் வாங்குவார்கள். நம் வீட்டில் தாத்தா முன்னால் நாம் நின்ற விதமும் கிட்டத்தட்ட இதுதானே? ஆனாலும் குனிந்த தலையைப் பார்த்ததும் திமிர், பொய் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

வகுப்பில் ஜூலு பேசினால் கண்டிப்பது இன்னொன்று. புரியாத கணக்கைப் பக்கத்துப் பிள்ளையிடம் தாய்மொழியில் கேட்பது அரட்டை இல்லை. பாடம்தான் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. நம் பாட்டிமார் பேசிய தமிழ் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு முன்னால் எப்படிக் கரைந்தது என்பது நமக்குத் தெரியும்.

செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தை ஒட்டி மட்டும் எல்லாரையும் மணியும் பாசியும் புடவையும் கட்டி நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். "உங்க ஆளுங்க வழக்கத்தைச் சொல்லு" என்று ஒரே பிள்ளையைச் சமூகத்தின் பிரதிநிதியாக்கவும் வேண்டாம். அவனுக்கு வயது பத்து.

பதில் சொல்லாத பிள்ளையைச் சோம்பேறி என்று கடைசி வரிசைக்கு அனுப்பும் முன், ஒருமுறை அவன் முதுகுப் பக்கம் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். திரும்பாவிட்டால் காதுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம். தடை பிள்ளையிடம் மட்டும் இல்லை, பாடம் நடக்கும் விதத்திலும் இருக்கலாம் என்று 2001இலேயே, எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்கும் கல்வி பற்றிய அரசின் ஆறாம் வெள்ளை அறிக்கை சொல்லிவிட்டது. பிள்ளையின் தேவையை இனங்கண்டு உதவி ஏற்பாடு செய்வதற்கென்று 2014 முதல் தனிக் கொள்கையும் படிவங்களும் உண்டு. நிரப்பக் கொஞ்சம் நேரமாகும். ஆனாலும் நிரப்புங்கள்.

"அம்மா அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா" என்பதையும் விட்டுவிடுங்கள். பல பிள்ளைகளை வளர்ப்பது கோகோ என்று அவர்கள் அழைக்கும் பாட்டிதான். சிலருக்குத் தாய் உயிரோடு இல்லை. "வீட்டுப் பெரியவர்" என்று கடிதத்தில் போட்டால் போதும், எந்தப் பிள்ளையும் அதைப் பைக்குள் ஒளிக்காது.

இப்போதெல்லாம் பள்ளி திறக்கும் நாள் நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பாட்டியிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, நானும் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். இந்த வருடம் ஒரு கோகோ என்னை மூன்று தடவை திருத்தினார். நாலாவது தடவை பதில் சொன்னது அவர் பக்கத்தில் நின்ற பேத்தி: "யெபோ, மேம்." ஜூலுவில் "ஆமாம்" என்று அர்த்தம்.