ரப்பர் ஸ்டாம்பும் பூப்போட்ட தாளும்: முதல் பொங்கல் வாழ்த்து அட்டை செய்யலாம் வாங்க

ஒரு வெள்ளை அட்டை, ஒன்றிரண்டு ரப்பர் ஸ்டாம்ப், கையகலத்துக்குப் பூப்போட்ட தாள். முதல் வாழ்த்து அட்டைக்கு இவ்வளவு போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் முதல் நாளே இருபது ஸ்டாம்ப், பன்னிரண்டு நிற மை, ரிப்பன், முத்து, மினுமினுப்புத் தூள் என்று வாங்கிவிடுகிறார்கள். வாங்கியதை எல்லாம் ஒரே அட்டையில் ஒட்டிப் பார்க்கவும் ஆசை வரும். அப்படி ஒட்டினால் எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் குறைவாக வாங்குங்கள், நிறைய இடத்தை வெள்ளையாகவே விடுங்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

நான் சிறுமியாக இருந்தபோது மார்கழி பிறந்ததும் கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பு, பானை, காளை, நடிகர் படம் எல்லாம் ஒரே கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். யாருக்கு எது என்று அப்பா பட்டியல் போட்டு வைத்திருப்பார். இன்று எங்கள் தெருவில் அந்தக் கயிறு இல்லை. கைவினைக் கடைகளில் கிடைக்கும் ஸ்டாம்புகளிலோ ரோஜாவும் கேக்கும் ஆங்கில வாசகமும்தான் அதிகம். பானை தேடினால் கிடைப்பது அபூர்வம். சரி, பானையையும் தமிழ் வாசகத்தையும் நாமே செய்துகொள்வோம்.

வாங்க வேண்டியது

அட்டை: ஏ4 அளவில், 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை கனமுள்ள வெள்ளை அட்டை. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை இருக்கும் என்ற கணக்கு. ஜெராக்ஸ் தாள் 70, 80 இருக்கும். அதை மடித்தால் அட்டையாக நிற்காது. பளபளப்பில்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். முதல் வருடம் நான் பளபளப்புக்கு ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். ஸ்டாம்ப் அடித்தபோது பளிச்சென்று இருந்தது. கவரைப் பிரித்த அத்தையின் விரலெல்லாம் நீலம். மை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஈரமாக நின்றிருக்கிறது. கடையில் மாதிரித் துண்டு கேட்டு, ஈர விரலால் ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள். ஈரத்தை உறிஞ்சினால் எடுக்கலாம், முத்தாக நின்றால் வேண்டாம்.

மை: இரண்டு வகை உண்டு. சாய மை தாளுக்குள் இறங்கிச் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். நிறமி மை மேலேயே தங்கி மெதுவாகக் காயும். ஆனால் நிறம் அடர்த்தியாக இருக்கும், பழுப்புத் தாளிலும் எடுப்பாகத் தெரியும், சீக்கிரம் வெளுக்காது. தொடங்குகிறவர்களுக்குச் சாய மைதான் நல்லது. கறுப்பு அல்லது காப்பிப்பொடி நிறம் ஒன்று, பச்சை ஒன்று. வீட்டில் அலுவலக ஸ்டாம்ப் பேட் இருந்தால் பழகுவதற்கு அதுவே போதும். சொரசொரப்பான கைத்தாளில் மட்டும் அந்த மை பரவும்.

கட்டர், ஸ்டீல் ஸ்கேல், பசைக்குச்சி, இருபக்கமும் ஒட்டும் டேப், பென்சில், பட்டர் பேப்பர், இரண்டு பெரிய அழிரப்பர், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. தூக்கிப்போடவிருக்கும் பேனாவை எடுத்து வையுங்கள், அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

பூப்போட்ட தாள்

சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு பக்கம். கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் பேர் போன தெரு அது. புதுச்சேரிக்குப் போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பிரிவில் செய்யும் மார்பிள் தாளைப் பாருங்கள். மிதக்கவிட்ட நிறங்களின் மேல் தாளைப் படியவைத்து எடுப்பது மார்பிள் முறை. அதனால் ஒரு தாள் போல் இன்னொன்று வராது. ஒரே தாளிலிருந்து நிறைய அட்டைகளுக்குத் துண்டு எடுக்கலாம்.

வீட்டிலேயே கிடைப்பதும் உண்டு. பரிசுப் பொட்டலம் சுற்றிய தாள், பழைய கல்யாணப் பத்திரிகையின் பின் அட்டை, தினக்காலண்டர் தாள். தினக்காலண்டர் தாள் எனக்கு மிகவும் பிடிக்கும். வாழ்த்துப் பெறுபவரின் பிறந்தநாள் தேதியைக் கிழித்து வைத்துக்கொண்டால் அந்தப் பெரிய எண்ணே அலங்காரம். ராகு காலம், எமகண்டம் அச்சான பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள், பெரியவர்கள் கவனிப்பார்கள். தாள் மெல்லியது என்பதால் பசைக்குச்சிதான் சரி. வெள்ளைப் பசை தடவினால் ஈரம் மறுபக்கம் வரை ஊறி, தாள் அலை அலையாகச் சுருங்கும்.

எந்தத் தாளானாலும் பூ சின்னதாக இருக்கட்டும். கடையில் விரித்துப் பார்க்கும்போது அழகாகத் தெரிகிற பெரிய மாங்காய் டிசைன், 4 செ.மீ. துண்டாக வெட்டியதும் என்னவென்றே தெரியாத வளைவாகிவிடும். உள்ளங்கையால் தாளை மறைத்து, விரல் இடுக்கில் தெரிவதைப் பாருங்கள். அங்கே ஒரு முழுப் பூவாவது தெரிய வேண்டும்.

வெட்டுவதும் மடிப்பதும்

ஏ4 அட்டை 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். உயரத்தைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 10.5க்கு 14.8 செ.மீ. அளவில் இரண்டு வாழ்த்து அட்டைகள் கிடைக்கும். சி6 என்று கேட்டால் கடையில் தரும் கவர் (11.4க்கு 16.2 செ.மீ.) இதற்குச் சரியாக இருக்கும்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள். ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூன்று முறை கட்டரை இழுங்கள். ஸ்கேல் பிடிக்கும் விரல்கள் ஓரத்தைத் தாண்டக் கூடாது.

மடிப்பில்தான் கடை அட்டைக்கும் கையால் செய்த அட்டைக்கும் வித்தியாசம் தெரியும் என்பார்கள். அந்த வித்தியாசம் தெரியாமல் செய்ய முடியும். கனமான அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடித்து நார் நாராகத் தெரியும். மடிக்கும் முன் பழைய செய்தித்தாள் நான்கைந்து அடுக்கின் மேல் அட்டையை வைத்து, நடுவில் ஸ்கேல் பிடித்து, மை தீர்ந்த பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுங்கள். ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வெளிப்பக்கம் வரும்படி மடியுங்கள். பிறகு மடிப்பின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஸ்பூனின் முதுகால் தேயுங்கள். தாள் வைக்காமல் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும்.

தாளுக்கும் மரம் போல நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அட்டையை இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும். மடிப்பு அதே போக்கில் இருந்தால் சுத்தமாக விழும். ஏ4 அட்டைகளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். மேலே சொன்னபடி வெட்டினால் மடிப்பு தானாக அந்தப் போக்கில் அமையும்.

பானை ஸ்டாம்ப்

பட்டர் பேப்பரில் பென்சிலால் 2.5 செ.மீ. அகலத்தில் பானை வரையுங்கள். குண்டு வயிறு, சிறிய கழுத்து, மேலே பொங்கும் நுரைக்கு மூன்று வளைவு. அதற்கு மேல் நுணுக்கம் வேண்டாம். வரைந்த பக்கத்தை அழிரப்பரில் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் பென்சில் கோடு ரப்பரில் இறங்கிவிடும். படம் இடம் வலம் மாறி விழும். ஸ்டாம்ப் அடிக்கும்போது மறுபடியும் மாறி நேராகிவிடும்.

கோட்டுக்கு வெளியே இருக்கும் ரப்பரைக் கட்டரால் செதுக்கி எடுங்கள். கத்தி முனை வெளிப்பக்கம் போகும்படி சாய்த்து வெட்டுங்கள். அப்போதுதான் ஸ்டாம்பின் அடி அகலமாகவும் மேல்பகுதி குறுகலாகவும் இருக்கும். முனை உள்பக்கம் போனால் விளிம்பு மெலிந்து, நாலு முறை அடித்ததும் பிய்ந்துவிடும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் அவர்கள் வரையட்டும், செதுக்குவது பெரியவர் வேலை.

கரும்புக்கு இன்னொரு அழிரப்பரின் நீளமான பக்கவாட்டு விளிம்பு போதும். அதில் குறுக்கே மூன்று நான்கு இடத்தில் மெல்லிய வெட்டு போட்டால் அவைதான் கணு. தோகையைப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு இழுப்பில் வரைந்துவிடலாம்.

தமிழ் வாசகம்

இதற்குக் கைவினைக் கடைக்குப் போக வேண்டாம். டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடம் என்று எல்லோருக்கும் சீல் செய்து கொடுக்கிற ரப்பர் ஸ்டாம்ப் கடைக்கே போங்கள். கட்டம், வட்டம் எதுவும் இல்லாமல், தானே மை தடவிக்கொள்ளாத சாதா கைப்பிடி ஸ்டாம்ப் வேண்டும் என்று சொல்லுங்கள். அப்போதுதான் விரும்பிய நிறத்தில் அடிக்கலாம்.

எழுத்தின் அளவில் கவனம் தேவை. நான் முதலில் செய்யக் கொடுத்தபோது எழுத்தைச் சின்னதாக, 3 மி.மீ. உயரத்தில் கேட்டுவிட்டேன். அடித்துப் பார்த்தால் ண, ள சுழிகளெல்லாம் மை அடைத்துக்கொண்டது, ‘ழ்’ மேல் இருந்த புள்ளி எழுத்தோடு ஒட்டி மறைந்தே போனது. தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடுமே! 6 மி.மீ.க்குக் குறையாமல் கேளுங்கள். ‘பொங்கல்’ ஒரு வரி, ‘வாழ்த்துகள்’ ஒரு வரி, மொத்த அகலம் 5 செ.மீ. ‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். நான் ‘க்’ போடுவதில்லை. எது என்பதைக் கடைக்குப் போகும் முன்பே முடிவு செய்யுங்கள், ரப்பரில் பிறகு ஒற்றுச் சேர்க்க முடியாது.

இன்னொன்று. கணினி எழுத்துத்தான் வேண்டும் என்றில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கையால் எழுதிக் கொடுத்தாலும் ஸ்கேன் செய்து ஸ்டாம்பாக்கித் தருகிற கடைகள் உண்டு. எங்கள் வீட்டு ஸ்டாம்ப் என் பெரியம்மாவின் கையெழுத்து. அவர் ‘ழ’ போட்டால் வால் கீழே இறங்கி, இடது பக்கம் வளைந்து, பக்கத்து எழுத்துக்குக் கோலமிட்ட மாதிரி நிற்கும். ஒருமுறை அட்டையைப் பிரித்த தம்பி போனில் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, இது பெரியம்மா எழுத்துதானே?”

ஸ்டாம்ப் அடிப்பது

நேராக அட்டை மேல் அடிக்காதீர்கள். தனி வெள்ளைத் துண்டில் அடித்து, நன்றாக வந்ததை மட்டும் அட்டையில் ஒட்டுங்கள். பிசகினால் போவது ஒரு சின்னத் துண்டுதான், மடித்து வைத்த அட்டை வீணாகாது.

அதே வெள்ளை அட்டையில் 5.5க்கு 6.5 செ.மீ. துண்டு ஒன்று பானைக்கு, 6க்கு 2.5 செ.மீ. துண்டு ஒன்று வாசகத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய ஸ்டாம்பானால் அதை மல்லாத்திப் பிடித்து, மைப் பேடை அதன் மேல் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்டாம்பைப் பேடில் வைத்து அமுக்கினால் ஓரங்களிலும் பள்ளங்களிலும் மை ஏறி, அடித்ததும் சுற்றிலும் அழுக்குத் தடம் விழும். ஓரத்தில் மை ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

தாளுக்கு அடியில் ஒரு பழைய வாரப் பத்திரிகை இருக்கட்டும். ஸ்டாம்பை நேராக இறக்கி, விரல் நுனிகளால் நடுவிலும் நான்கு மூலையிலும் சமமாக அழுத்துங்கள். மாவு உருட்டுவது போல ஆட்டக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணுங்கள். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு ஸ்டாம்பை நேராக மேலே தூக்குங்கள். பத்து முறை பழைய தாளில் அடித்துப் பழகினால் போதும், கைக்கு அழுத்தம் பிடிபட்டுவிடும். செதுக்கிய ஸ்டாம்பில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி விழுந்தால் விட்டுவிடுங்கள், பானைக்கு அது மண் சொரசொரப்பு மாதிரி பொருந்திப்போகும்.

துண்டின் கீழ்ப்பாதியில் பானை, அதன் இரு பக்கமும் சாய்ந்தபடி கரும்பு. கரும்பு உயரம் போதவில்லை என்றால் முதல் தடம் முடிகிற இடத்திலிருந்து மேல்நோக்கி இன்னொரு முறை அடியுங்கள். பத்து நிமிடம் காயட்டும். நிறமி மை என்றால் ஒரு ராத்திரி.

ஒட்டுவது

மடிப்பு இடது பக்கம் இருக்கும்படி அட்டையை வையுங்கள். பூப்போட்ட தாளை 9.5க்கு 4.5 செ.மீ. வெட்டி, அட்டையின் கீழ்ப்பகுதியில் மூன்று பக்கமும் அரை செ.மீ. விட்டு ஒட்டுங்கள். மொத்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாதி வரை ஏற்றினால் மேலே இருக்கும் பானைக்கு மூச்சு விட இடமிருக்காது. வாசகத் துண்டு அந்தப் பூத்தாளின் நடுவில். பானைத் துண்டை அதைவிட 3 மி.மீ. எல்லாப் பக்கமும் பெரிதான மஞ்சள் தாளில் ஒட்டி, மேலே மிச்சமிருக்கும் வெள்ளையின் நடுவில் வையுங்கள். அந்த மெல்லிய மஞ்சள் ஓரம் பானையைத் தனியாக எடுத்துக்காட்டும்.

எதையும் ஒட்டும் முன் எல்லாத் துண்டையும் வெறுமனே அடுக்கி, இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். நான் செல்போனில் ஒரு படமும் எடுத்துப் பார்ப்பேன். நேரில் கண்ணுக்குப் படாத கோணல் படத்தில் தெரிந்துவிடும். ஒட்டியபின் கனமான புத்தகத்தின் அடியில் அரை மணி நேரம்.

வேலை முடிந்ததும் ஸ்டாம்பை ஈரத்துணியில் இரண்டு முறை ஒற்றித் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வெயில் பட்டால் ரப்பர் நாளடைவில் இறுகி வெடிக்கும்.

உள்பக்கத்தில் அச்சோ ஸ்டாம்போ வேண்டாம், பேனாவால் நாலு வரி எழுதுங்கள். ஊர்ச் செய்தி, பாப்பாவுக்குப் பல் முளைத்தது, மாமரம் பூத்தது, எதுவானாலும் சரி. இந்த அளவில் 300 ஜி.எஸ்.எம். அட்டை 9 கிராம் சொச்சம் இருக்கும். கவர், ஒட்டிய துண்டு எல்லாம் சேர்ந்தாலும் சாதாரணக் கடிதத்தின் முதல் படியான 20 கிராமுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் முதல் அட்டையைத் தபால் நிலையத்தில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள். பொத்தான், முத்து ஒட்டியிருந்தால் கவரின் மேல் தபால்காரர்கள் முத்திரை குத்தும்போது நசுங்கும், கவரும் கிழியும். தட்டையான அட்டைக்கு அந்தப் பயமில்லை. ஜனவரி முதல் வாரத்தில் பெட்டியில் போட்டுவிடுங்கள், போகிக்கு முன்னால் போய்ச் சேரட்டும்.