பொதுப்பணக் கட்டுமானத் தணிக்கை: மூடிய வேலையை எப்படிச் சரிபார்ப்பது

அரசுப் பணத்தில் நடக்கும் கட்டுமானத்தில் பணம் கசியும் இடம் பெரும்பாலும் கண்ணில் படாது. மண்ணுக்கு அடியில் இருக்கும், கான்கிரீட்டுக்குள் இருக்கும், பூச்சுக்குப் பின்னால் இருக்கும். பெயின்ட் உரிந்ததையும் கைப்பிடி ஆடுவதையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வரும் ஆய்வால் ஒரு காசு மீளாது.

அதனால் களத்துக்கு முன் காகிதம். ஒப்பந்தம், வரைபடம், மதிப்பீடு, அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு), பில்கள், சோதனைப் பதிவேடு, தள நாட்குறிப்பு எல்லாவற்றின் மூலப் பிரதியையும் கேளுங்கள். நகலில் அழித்தெழுதியது தெரியாது. பில்லின் இனங்களைத் தொகை வாரியாக அடுக்கினால், செலவின் பெரும்பங்கு ஒரு சில இனங்களில் அடங்கிவிடும்; உங்கள் நேரமும் அங்கேதான் போக வேண்டும். ஒப்பந்த அளவைத் தாண்டிக் கூடிய இனங்களையும், டெண்டரில் இல்லாமல் பிறகு நுழைந்த இனங்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மண்வேலைக்கு விலையை ஏற்றி, மற்றதற்கு இறக்கி டெண்டரை வென்று, பிறகு மண்வேலையின் அளவை மட்டும் கூட்டுவது பழைய வித்தை. இறுதி அளவுகளை எல்லா ஒப்பந்தப்புள்ளிகளின் விலையிலும் போட்டுக் கூட்டுங்கள். குறைந்த விலைக்காரர் மாறிவிட்டால், அளவைக் கூட்ட யார், எப்போது ஒப்புதல் தந்தார் என்று கோப்பில் தேடுங்கள்.

அடுத்து தேதிகள். கம்பி சரிபார்த்தது, கான்கிரீட் போட்டது, க்யூப் (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கனசதுரம்) வார்த்தது, அதை உடைத்தது, அளவு பதிந்தது, பில் போட்டது ஆகியவற்றின் தேதிகளை ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். முரண்கள் அப்போது தெரியும். 28 நாள் வலிமை அறிக்கை 19ஆம் நாளே கையெழுத்தாகியிருக்கும். கம்பி சரிபார்ப்பு, கான்கிரீட் போட்ட மறுநாள் தேதியில் இருக்கும். கனமழை பெய்த நாளில் தார் போட்டதாக இருக்கும். க்யூப் முடிவுகள் 26.2, 26.3, 26.2 என்று மாதக்கணக்கில் ஒரே சீராக வந்தால் நம்பாதீர்கள். நிஜக் கலவை அவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்ளாது.

மண்வேலையில் இரண்டு கணக்கு முக்கியம். முதலாவது, தோண்டியதும் போனதும் சமமாக வேண்டும். அடித்தளத்துக்கு 100 கன மீட்டர் தோண்டி, அதில் கட்டுமானம் 35 கன மீட்டர் இடம் பிடித்தால், திரும்ப நிரப்பியது சுமார் 65, வெளியேற்றியது சுமார் 35. நிரப்பியதற்கும் 100, வெளியேற்றியதற்கும் 100 என்று பில் இருந்தால் ஒரே மண்ணுக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறது. (லாரியில் அளந்த மண் உதிர்ந்து பெருத்திருக்கும். எந்த நிலையில் அளப்பது என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள்.) இரண்டாவது, ஆரம்ப நில மட்டம். 8 மீட்டர் அகலச் சாலைக் கரையில் நில மட்டத்தை 15 செ.மீ. தாழ்த்திக் காட்டினால், ஒரு கிலோமீட்டருக்கு 1,200 கன மீட்டர் மண் காகிதத்தில் பிறக்கும். கரை எழுந்தபின் அதை நேரில் நிரூபிப்பது கடினம். வேலை தொடங்கும் முன் இரு தரப்பும் கையெழுத்திட்ட மட்டப் புத்தகம் இருக்கிறதா, சாலைக்கு வெளியே தொடாமல் கிடக்கும் நிலத்தின் மட்டத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

களத்தில் சோதனை இடத்தை ஒப்பந்ததாரரின் ஆள் காட்டக் கூடாது. தற்செயல் எண்களால் சங்கிலித் தூரத்தை (சாலையின் தொடக்கத்திலிருந்து அளக்கும் தூரம்) தேர்ந்தெடுங்கள். பட்டியலைத் தளத்தில்தான் பிரியுங்கள். சாலையில் கோர் (துளையிட்டு வெட்டி எடுக்கும் உருளை மாதிரி) எடுத்தால் தடிமனைச் சுற்றிலும் நான்கு இடத்தில் அளந்து சராசரி காணுங்கள். 5 மி.மீ. குறைவு அற்பமாகத் தெரியும். 7 மீட்டர் அகலத்தில் 5 கிலோமீட்டருக்கு அது 175 கன மீட்டர்.

கட்டடத்தில் கோர் எடுக்கும் முன் கவர் மீட்டரால் கம்பி போகும் இடத்தைக் குறித்து விலக்குங்கள். கம்பி சிக்கிய கோரின் முடிவை ஒப்பந்ததாரர் எளிதாக மறுத்துவிடுவார். கோரின் விட்டம் மிகப் பெரிய ஜல்லி அளவின் மூன்று மடங்குக்குக் குறையாமலும், நீளம் விட்டத்தின் இரு மடங்கை ஒட்டியும் இருக்கட்டும். கான்கிரீட் விதித் தொகுப்புகளான இந்தியாவின் ஐ.எஸ். 456, அமெரிக்காவின் ஏ.சி.ஐ. 318 இரண்டும் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கோர்களின் சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதமாவது வர வேண்டும், தனி ஒன்றுகூட 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ரீபவுண்ட் சுத்தியலை (தட்டியதும் எவ்வளவு துள்ளுகிறது என்பதை வைத்து வலிமையை மதிப்பிடும் கருவி) வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். அது அடிப்பது மேற்பரப்பை. பழைய கான்கிரீட்டில் மேற்பரப்பு கார்பனேற்றத்தால் இறுகி, இல்லாத வலிமையைக் காட்டும். பலவீனமான இடத்தைத் தேடிக் கோர் எடுக்க அது உதவும், அவ்வளவே.

கிடங்கில் கம்பி மிச்சம் இருந்தால் ஒரு மீட்டர் வெட்டி எடை போடுங்கள். விட்டத்தை மி.மீ.யில் வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும்: 12 மி.மீ. கம்பிக்கு 0.89, 16 மி.மீ. கம்பிக்கு 1.58. அனுமதித்த விலகலைத் தாண்டிக் குறைந்தால் கம்பி மெல்லியது, பில்லோ முழு விட்டத்துக்கு. சிமெண்டுக்கும் இதே போல. சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 என்ற கலவைக்குக் கன மீட்டருக்கு 50 கிலோ மூட்டை ஏறக்குறைய ஆறரை ஆகும். போட்ட கான்கிரீட்டுக்கு வேண்டிய மூட்டைகளும் கொள்முதல் ரசீதுகளும் பெரிதாக விலகினால் கோரை அந்தப் பகுதியில் எடுங்கள்.

குறிப்பு எழுதும்போது “தரம் குறைவு” என்று முடித்துவிடாதீர்கள். எந்த இடம், ஒப்பந்தம் கேட்டது எவ்வளவு, அளந்தது எவ்வளவு, எந்தக் கருவியால், யார் முன்னிலையில், அதனால் கூடுதலாகப் போன தொகை எவ்வளவு என்று எழுதுங்கள். அளவுத் தாளில் அங்கேயே இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் மறுத்ததையும் பதிந்து, உடனிருந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தளத்தை விட்டுக் கிளம்பும் முன் வங்கி உத்தரவாதம் என்று காலாவதியாகிறது, பிடித்து வைத்த தொகை என்று விடுவிக்கப்படும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தத் தேதிகளுக்கு முன்பே, தொகையைப் பிடிக்கச் சொல்லும் கடிதம் சேரும்படி அனுப்புங்கள்.